ஸ்பூல் டேப் கத்துகிறது, குரல் தலைகீழாக வருகிறது: கெட்டது டேப்பா, மெஷினா?

கேள்வி கேட்டவருக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா 1960-களின் கடைசியில் தொடங்கி, ஊர்த் திருவிழாவில் போட்ட ஸ்பெஷல் நாடகங்களையும் வீட்டுக் கல்யாணங்களில் வாசித்த நாதஸ்வரத்தையும் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார். தாத்தாவின் ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பேரன் இப்போது ஒரு பழைய ஜப்பான் ஸ்டீரியோ மெஷினை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு டேப் கிறீச்சென்று கத்தி நின்றுவிடுகிறது. இன்னொன்றில் இடது ஸ்பீக்கரில் பாட்டு, வலது ஸ்பீக்கரில் யாரோ புரியாத பாஷை பேசுவது போல ஒரு சத்தம். வேறொன்றில் ராஜபார்ட் நடிகரின் குரல் ஸ்திரீபார்ட் போல ஏறிக் கிடக்கிறது. எல்லாவற்றிலுமே சத்தம் மந்தம். சமையல் அவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். செய்யலாமா, இல்லை டேப் போய்விட்டதா என்று கேட்கிறார்.

அவனில் வைக்காதீர்கள். அது பொருந்துகிற டேப் வேறு, உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வேறு. டேப்பும் போய்விடவில்லை. நீங்கள் சொன்ன நாலு கோளாறில் மூன்றுக்கு டேப்பின் வயசு காரணமே இல்லை. ஆனால் தாத்தாவின் டேப்பைப் போட்டு மெஷினைச் சோதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பழைய டேப் நல்லபடியாக ஓடும் என்பதற்கு ஒரு தடவைக்குத்தான் உத்தரவாதம் உண்டு. அந்த ஒரு தடவையில் மெஷின், டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட், வேகம், கம்ப்யூட்டர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஹெட் படிக்காமல் விட்டதை அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவந்து தராது.

முதல் சந்தேகம் மெஷின் மேல்தான். இத்தனை வருஷம் கிடந்த மெஷினில் முதலில் கெடுவது ரப்பர். பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உருகித் தார் மாதிரி கப்பியில் ஒட்டியிருக்கும். டேப்பை இழுக்கிற பிஞ்ச் ரோலர் காய்ந்து கண்ணாடி போலப் பளபளக்கும். அதற்கு மேல் டேப் வழுக்கும், வேகம் ஆடும். பிரேக் பிடிக்காவிட்டால் நிறுத்தும்போது டேப் கொத்தாக வெளியே சரிந்து மடங்கும். பிரேக் அதிகமாகப் பிடித்தால் டேப் இழுபட்டு நீளும். வீட்டு உபயோக மெஷின்கள் பலவற்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது இறுகிப் போனாலே டேப் கத்தும். உள்ளே கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருந்தால் உறுமலும் கரகரப்பும் தனி.

பின்பக்க வோல்டேஜ் சுவிட்சையும் பாருங்கள். 220, 240 என்று இரண்டு இருந்தால் 240-ல் வையுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கு மட்டும் செய்த மெஷின் என்றால் அது 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் புகைதான் வரும்.

ஹெட்டையும் டேப் உரசிப் போகிற எல்லா இடத்தையும் சுத்தம் செய்ய எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் விற்கிற கடையில் ஐ.பி.ஏ. என்று கேளுங்கள், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தருவார்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசர் வேண்டாம், அதில் ஆல்கஹாலோடு வேறு பிசுக்கும் சேர்ந்திருக்கிறது. ரப்பர் ரோலருக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும். டீமேக்னடைசர் கிடைத்தால் ஹெட்டின் காந்தத்தையும் எடுத்துவிடுங்கள். மெஷினின் பவரை அணைத்துவிட்டு, டேப்பையெல்லாம் அடுத்த அறைக்குக் கொண்டுபோன பிறகு. இன்னொன்று, ரெக்கார்டு பட்டனை எப்படியாவது அழுத்த முடியாதபடி செய்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது தலையாய வேலை. எல்லாம் முடிந்ததும், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு டேப்பை இரண்டு பக்கமும் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு தாத்தாவின் டேப்புக்கு வாருங்கள்.

இப்போது கத்துகிற டேப். கத்தி நின்றதும் ஹெட்டை ஒரு பட்ஸால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பசை போல வந்தால் அது ஒரு வியாதி. பட்ஸ் சுத்தமாக வந்தால் வேறு வியாதி.

பசை வருவது எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை வந்த சில டேப்களில். ஆம்பெக்ஸ் 406, 456, ஸ்காட்ச் 226, 250 போன்றவை இதற்குப் பேர் போனவை. காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கிற பாலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சிதைந்து, டேப்பே ஒட்டுகிற பதத்துக்கு வந்துவிடுகிறது. இவற்றின் பின்பக்கம் பெரும்பாலும் கறுப்பாக, மங்கலான பூச்சோடு இருக்கும். அந்த ஈரத்தை விரட்டத்தான் சூடு: ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில், ஏற்ற இறக்கம் இல்லாமல், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. பிறகு அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தால் சில வாரங்களுக்கு டேப் ஓடும், அதற்குள் பதிவு செய்துகொள்ளலாம். சமையல் அவன் 54-ல் நிற்காது. மைக்ரோவேவ் பற்றி நினைக்கவே வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் வடாத்தோடு சேர்த்துக் காய வைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. வெயிலுக்கு டிகிரி வைக்க முடியாது, அதனால் கூடாது.

தாத்தாவின் டேப் அறுபதுகளுடையது என்றால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். சுற்றிய டேப்பின் ஊடாக வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்தால் அது அசிடேட். இருட்டாக இருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர், அல்லது ஜெர்மனியிலிருந்து வந்த பி.வி.சி. டேப்பாகவும் இருக்கலாம். அசிடேட்டையும் பி.வி.சி.யையும் சூடாக்கவே கூடாது. நெளிந்து, சுருங்கி, எதற்கும் உதவாமல் போய்விடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த டேப்பைத் தனியாக எடுத்து வைத்து, பதிவையும் அதிலிருந்தே தொடங்குங்கள். அசிடேட்டிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அறுந்தால் பட்டென்று நேராக அறும், ஒட்டுப் போட்டுவிடலாம். பாலியஸ்டர் அறுவதற்குள் ஜவ்வாக இழுபட்டு, அந்த இடத்துச் சத்தத்தையே கெடுத்துவிடும்.

பட்ஸ் சுத்தமாக வந்தும் கத்துகிறதா? அப்போது டேப்பின் வழவழப்பு போய்விட்டது என்று பொருள், அல்லது மேலே சொன்ன கம்பளித் துண்டின் வேலை. சூடு இதற்கு உதவாது. குளிர்ச்சியில் ஓட்டினால் சில டேப்கள் கத்துவதை நிறுத்தும். வெளிநாட்டில் மெஷினையே குளிர்ப்பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அதைப் படித்துவிட்டு டேப்பை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஓட்டாதீர்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த நிமிஷத்திலேயே மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாகப் பூக்கும். ஏ.சி. அறையில் டேப்பும் மெஷினும் ஒரு ராத்திரி சேர்ந்து கிடந்து குளிரட்டும், காலையில் அங்கேயே ஓட்டுங்கள். மார்கழியாக இருந்தால் இன்னும் சௌகரியம்.

தலைகீழ்க் குரலுக்கு வருவோம். இதில் கோளாறு என்று எதுவுமே இல்லை. கால் அங்குல டேப்பை உங்கள் தாத்தாவின் மோனோ ரெக்கார்டர் இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறது: மேல் பாதியில் ஒரு பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் கீழ்ப் பாதியில் மறுபக்கம். உங்கள் ஸ்டீரியோ மெஷின் அதே அகலத்தை நாலாகப் பிரித்து, ஒன்றாவது தடத்தையும் மூன்றாவது தடத்தையும் படிக்கிறது. ஒன்றாவது தடம் தாத்தாவின் முதல் பக்கத்துக்குள் விழுகிறது. மூன்றாவது, இரண்டாம் பக்கத்துக்குள் விழுகிறது, ஆனால் வால் முனையிலிருந்து. இடப்பக்கம் நாடகம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் கேட்பது அதனால்தான்.

இதை வரமாக எடுத்துக்கொள்ளலாம். நைந்த டேப்பாக இருந்தால் ஒரே ஓட்டத்தில் இரண்டு சேனலையும் பதிந்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேரில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, வலது சேனலை மட்டும் ரிவர்ஸ் கொடுத்தால் இரண்டாம் பக்கம் நேராகிவிடும். டேப்புக்கு ஒரு ஓட்டம் மிச்சம். தடத்தின் பாதியைத்தான் ஹெட் படிக்கிறது என்பதால் இரைச்சல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கிற டேப்புக்கு அரைத்தட ஹெட் உள்ள மெஷின் கிடைத்தால் அதில் ஓட்டுவதே மேல். உல்டாவாக, நாலு தடத்தில் பதிந்த டேப்பை அரைத்தட மெஷினில் போட்டால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று கலந்து கேட்கும். அதைப் பிரிக்க வழி கிடையாது, மெஷினைத்தான் மாற்ற வேண்டும்.

ராஜபார்ட் குரல் ஏறியது தனிக்கதை. வேகத்தில் இரண்டு விதத் தப்பு உண்டு, இரண்டையும் காதாலேயே பிரித்துவிடலாம்.

முதலாவது, மெஷினில் தேர்ந்தெடுத்த வேகமே தப்பு. வீட்டு மெஷின்களில் விநாடிக்கு ஏழரை அங்குலம், மூன்றே முக்கால், ஒன்றே முக்காலே அரைக்கால் என்று மூன்று வேகங்கள் வழக்கம். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. ஏழு அங்குல ஸ்பூலில் 1800 அடி டேப் பிடிக்கும். மூன்றே முக்காலில் ஓட்டினால் ஒரு பக்கம் 96 நிமிஷம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கிற நாடகத்துக்கு இது எந்த மூலைக்கு? அதனால் தாத்தா ஆகக் குறைந்த வேகத்தில் போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பக்கத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். அதை ஒரு படி மேலே ஓட்டினால் சுருதி முழுசாக ஒரு ஸ்தாயி ஏறும், பேச்சு அணில் கத்துவது போல ஆகும், யாருக்கும் தெரிந்துவிடும். உங்கள் மெஷினில் அந்தக் கடைசி வேகம் இல்லையென்றால் மூன்றே முக்காலில் பதிந்துகொண்டு கம்ப்யூட்டரில் வேகத்தைப் பாதியாக்கலாம்.

உங்களுடையது அப்படித் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரல் போல ஆகிற அளவுக்கு, ஆனால் சொல் புரிகிற அளவுக்கு ஏறியிருக்கிறது. அதுவும் ஒரு டேப்பில் மட்டும். அப்படியானால் இப்போது ஓட்டுகிற மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது, பதிந்த இடத்தில்தான் விஷயம். நான் முதலில் நினைப்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த மெஷின். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கேயிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த ரெக்கார்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. கரண்டின் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றுகிற மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றியிருக்கும். அப்படி மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கும் ஒரு பொடி மேலே போய்விடுவார். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த மெஷினில் இந்தத் தொல்லை இராது, அங்கேயும் 50-தான். ஜப்பானிலோ ஒரே நாட்டில் கிழக்கே 50, மேற்கே 60. அதனால்தான் அவர்கள் மெஷின்கள் பலவற்றில் 50-60 மாற்றுகிற வசதி இருக்கிறது. உங்கள் மெஷினில் அது 50-ல் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 60-ல் இருந்தால் எல்லா டேப்பும் மெதுவாகும்.

இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பழைய பதிவு எதிலும் அடியில் கரண்டின் உறுமல் கொஞ்சம் பதிந்திருக்கும். யாரும் பேசாத ஒரு இடத்தை எடுத்து ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் படம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற படம், போட்டுப் பாருங்கள். 50-ல் ஒரு முனை நிற்கும். டேப்பை நிறுத்தினாலும் அது இருந்தால் அது உங்கள் மெஷினின் சொந்த உறுமல், விட்டுவிடுங்கள். டேப் ஓடும்போது மட்டும் 60-ல் இன்னொரு முனை முளைத்தால் திருடன் அகப்பட்டான். வேகத்தை ஆறில் ஐந்தாகக் குறையுங்கள். ‘வேகம்’ என்கிற கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றுகிற கட்டளை தாளத்தை அப்படியே விட்டுவிடும்.

திருவிழாவில் பதிந்தது என்பதால் இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் வைத்து நாடகம் நடந்திருக்கும். ஜெனரேட்டர் 50-ல் நிற்காமல் 46, 47 என்று இறங்கியிருந்தால் மோட்டாரும் அதே கணக்கில் மெதுவாகியிருக்கும். பதிந்த உறுமலும் அதே 46-தான். இப்போது ஓட்டும்போது இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, உறுமல் சரியாக 50-ல் வந்து உட்காரும்! உறுமலை நம்பி வேகம் சரி என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள்.

அங்கேதான் ஆர்மோனியம் கைகொடுக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியப் பெட்டி இல்லாத ராத்திரி கிடையாது. பாடுகிறவர் சுருதி விலகலாம், மிருதங்கம் இறங்கலாம், பெட்டியின் ரீடு அந்த ஒரு ராத்திரிக்குள் மாறாது. செல்போனில் டியூனர் ஆப் ஒன்றைப் போட்டு, நாடகம் தொடங்குமுன் பெட்டிக்காரர் சுருதி பிடிக்கிற இடத்தை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டைக்கோ அரைக் கட்டைக்கோ நேராக நின்றால் நல்லது. நடுவில் தொங்கினால் நேராகும்வரை வேகத்தை மாற்றுங்கள். அரைக் கட்டைக்கு ஏறக்குறைய ஆறு சதவீத வேகம் என்பது கணக்கு. எந்தக் கட்டை என்பதைப் பெட்டி சொல்லாது, அதைக் குரலும் பேச்சின் நடையும்தான் சொல்ல வேண்டும். அந்த நடிகர்களை நேரில் கேட்ட பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் தொடக்கத்தில் ஒரு கட்டையிலும் முடிவில் அதற்கு மேலேயும் பெட்டி கேட்டால் அது பேட்டரி ரெக்கார்டர். செல் தீரத்தீர மோட்டார் தளர்ந்திருக்கிறது. அதைப் பகுதி பகுதியாகத்தான் திருத்த முடியும். பொறுமை வேண்டிய வேலை.

கடைசியாக மந்தச் சத்தம். முதலில் டேப் சரியான முகத்தைக் காட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். பூசிய பக்கம் ஹெட்டைத் தொட வேண்டும். பழைய சாதா டேப்பில் அது மங்கலான பழுப்புப் பக்கம். யாரோ எப்போதோ முறுக்கிச் சுற்றியிருந்தால் பளபளப்புப் பக்கம் ஹெட்டில் உரசி, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வரும். அது சரியாக இருந்தால் அடுத்து அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. தாத்தாவின் மெஷினில் ஹெட் நின்ற சாய்வும் உங்கள் மெஷினில் நிற்கிற சாய்வும் மயிரிழை வித்தியாசப்பட்டாலே மேல்சுரங்கள் செத்துவிடும், மெதுவான வேகத்தில் இன்னும் மோசம். ஹெட்டின் ஓரத்தில் சின்ன திருகு ஒன்று இருக்கும். இப்போது நிற்கிற இடத்தை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, ஜால்ரா கேட்கிற இடமாகப் பார்த்து ஓட்டியபடியே காந்தம் ஏறாத ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ‘சொத்’ என்று கேட்டது ‘கிணிங்’ என்று திறக்கிற ஒரு இடம் வரும், தாண்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். சாஃப்ட்வேரில் டிரெபிளை ஏற்றி இதைச் சரிக்கட்டப் பார்ப்பவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே ஏறுவது இரைச்சல்தான்.

சத்தத்துக்கு முன்னால் லேசாக அதே சத்தம் எதிரொலிப்பது டேப்பின் ஒரு சுற்று அடுத்த சுற்றில் காந்தமாகப் பதிவதால். டேப் திடமாக இருந்தால் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் சுற்றினால் கொஞ்சம் குறையும். செலோடேப் ஒட்டு இருந்தால் பிரித்துவிட்டு முறையான ஸ்பிளைசிங் டேப்பால் ஒட்டுங்கள், பழைய பசை அடுத்த சுற்றில் ஒட்டிக் கிழிக்கும். வெள்ளையாக நூல் நூலாகப் பூஞ்சை இருந்தால் மெஷினில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டு, வெளி வராந்தாவில் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு துடைக்க வேண்டும். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் ஸ்பூலுக்கு அது ஆகாது.

பதிவு செய்யும்போது மெஷினின் லைன் அவுட்டிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள். ஸ்பீக்கர் முன்னால் செல்போனைப் பிடிக்கிற வேலை வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். அளவு மீட்டரில் உச்சம் மைனஸ் ஆறு டெசிபெலைத் தாண்ட வேண்டாம். இரைச்சல் நீக்குவது, வேகம் திருத்துவது எல்லாம் நகலில் மட்டும். மூலப் பதிவைத் தொடாமல் இரண்டு டிஸ்கில் வையுங்கள். ஓடி முடிந்த டேப்பைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வால் முனை வெளியே இருக்கப் பெட்டியில் போடுங்கள், செங்குத்தாக நிறுத்துங்கள். பரண் வேண்டாம், சித்திரையில் ஓட்டுக்கு அடியில் அது அடுப்பு.

வேலையை வெளியே யாரிடமாவது கொடுப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள். ஹெட் அரைத்தடமா கால்தடமா? டேப்புக்கு டேப் அசிமத் பார்ப்பீர்களா? திருத்தாத வேவ் ஃபைலையும் தருவீர்களா? ‘எம்.பி.3 போட்டு பென்டிரைவில் தந்துவிடுகிறோம் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே கொடுத்தாலும் பெட்டியின் மேலே தாத்தா எழுதியதைக் கொடுக்குமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். என்ன வேகத்தில் போட்டார் என்பது அதிலேயே இருக்கக்கூடும்.